பூஞ்சை நச்சைக் கண்டுபிடிக்கும் எதிர்ப்பொருள்: ஆய்வகத்தில் முதல்முறை உருவாக்குபவர்களுக்கு

பூஞ்சை நச்சைப் புரதத்தோடு இணைத்து ஊசி போட்ட என் முதல் எலியின் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீரை) 64,000 மடங்கு நீர்த்த பிறகும், நச்சு பூசிய, எதிர்ப்பொருள் ஒட்டினால் நிறம் காட்டும் எலைசா தட்டு பளீரென்று மஞ்சளாகவே வந்தது. ஆய்வகத்தில் துள்ளிக் குதிக்காத குறைதான். மறுநாள் அதே சீரத்தோடு கொஞ்சம் அஃப்லாடாக்சினை, அதாவது அந்தப் பூஞ்சை நச்சைக் கலந்து மறுபடி ஓட்டினேன். மஞ்சள் துளிகூடக் குறையவில்லை. எலியின் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் (ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதங்கள்) பிடித்துக்கொண்டிருந்தது நச்சை அல்ல, நச்சைப் புரதத்தோடு இணைக்க நான் போட்ட பாலத்தை. மூன்று மாத வேலை போச்சு.

அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பொருள் எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். உணவிலிருந்து தனி நச்சு வந்தால், தட்டை விட்டுவிட்டு அதன் பக்கம் போகிறதா என்று பாருங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

எதிரி எவ்வளவு சின்னவன்

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நச்சுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கியே நச்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வது பி வகை, பச்சையாக ஒளிர்வது ஜி வகை. பி1ஐத் தின்ற மாட்டின் பாலில் வருவது எம்1. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்லாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இதுபோல ஓக்ராடாக்சின் ஏ, ஃபியுமோனிசின் பி1, டிஆக்சிநிவலெனால், சியரலெனோன், டி-2 என்று ஒரு கூட்டமே உண்டு. எல்லாமே மிகச் சிறிய மூலக்கூறுகள். அஃப்லாடாக்சின் பி1இன் எடை 312 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), ஓக்ராடாக்சின் ஏ 404, டிஆக்சிநிவலெனால் 296. இந்தக் கூட்டத்தில் பெரியதான ஃபியுமோனிசின் பி1கூட 722தான். அவற்றைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருளோ சுமார் 1,50,000 டால்டன். யானையின் தும்பிக்கையில் ஒரு சுண்டைக்காய் மாதிரி.

இந்த அளவு வித்தியாசத்தால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, இவ்வளவு சிறிய மூலக்கூறை உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்வதே இல்லை. ஒரு பெரிய புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்பினால்தான் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகும். இப்படித் தனியாகப் போனால் மதிக்கப்படாத சின்ன மூலக்கூறுக்கு ஹாப்டன் என்று பெயர். கார்ல் லாண்ட்ஸ்டைனர் வைத்த பெயர் அது. இரண்டு, ஒரே நச்சை ஒரே நேரத்தில் இரண்டு எதிர்ப்பொருள்கள் இருபுறமும் பிடிக்க இடமில்லை. அதனால் புரதங்களைக் கண்டறியும் ‘சாண்ட்விச்’ முறை இங்கே பெரும்பாலும் எடுபடாது. போட்டி முறைதான் வழி. தட்டில் ஒட்டிய நச்சும் மாதிரியிலிருந்து வரும் நச்சும் ஒரே எதிர்ப்பொருளுக்காக மல்லுக்கட்டும். மாதிரியில் நச்சு கூடக்கூட நிறம் குறையும். முதல் மாதம் முழுக்க இந்தத் தலைகீழ்க் கணக்கு உங்களைக் குழப்பும், பரவாயில்லை.

முதலில் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

எலி வாங்குவதற்கு முன், வேதிப்பொருள் வாங்குவதற்கு முன், ஒரு தாளில் இதை எழுதுங்கள்: எந்த நச்சு, எந்த உணவு, எந்தச் சட்ட வரம்பு.

ஐரோப்பிய ஒன்றியம் பல தானிய உணவுகளில் அஃப்லாடாக்சின் பி1க்கு ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 5 கிராம் மாவை 25 மி.லி. 70 சதவீத மெத்தனாலில் கலக்கி நச்சைப் பிரிக்கிறீர்கள் என்று வையுங்கள். சரியாக வரம்பளவு நச்சு உள்ள மாவு என்றால் அந்தக் கரைசலில் ஒரு மி.லி.க்கு 0.4 நானோகிராம் நச்சு இருக்கும். அந்த அளவு மெத்தனாலை எதிர்ப்பொருள் தாங்காது, அதனால் 10 மடங்கு நீர்க்கிறீர்கள். இப்போது 0.04 நானோகிராம். உங்கள் எதிர்ப்பொருள் இந்த அளவில் தெளிவாக நிறம் மாற்றிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் மொத்த அஃப்லாடாக்சினுக்கான வரம்பு 20 மைக்ரோகிராம். அதற்கு மட்டும் என்றால் இலக்கு பத்து மடங்கு எளிது. ஒரே எதிர்ப்பொருள் ஒரு வரம்புக்குப் போதும், இன்னொரு வரம்புக்குப் போதாது என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும்.

இன்னொரு முடிவும் இப்போதே எடுக்க வேண்டும். பி1ஐ மட்டும் பிடிக்க வேண்டுமா, பி1, பி2, ஜி1, ஜி2 நான்கையும் சேர்த்தா? ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடக்கூடிய விஷயம் இல்லை. அடுத்து வரும் வேதியியலே இதைப் பொறுத்துத்தான்.

கையுறை போடாமல் தொடாதீர்கள்

சுருக்கமாக. அஃப்லாடாக்சின் உலர்ந்த பொடியைத் தராசில் கொட்டி எடை போடாதீர்கள். நிலைமின்னூட்டத்தால் அது பறக்கும். குப்பியிலேயே கரைப்பானை ஊற்றிக் கரைத்து, செறிவைப் புற ஊதா ஒளி உறிஞ்சலால் அளந்துகொள்ளுங்கள். புகைபோக்கி அறை, கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஒளியில் சிதையும், அதனால் பழுப்புநிறக் குப்பி. பயன்படுத்திய பாத்திரங்களை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் மொத்த அளவில் 5 சதவீதம் வருமாறு அசிட்டோன் சேர்த்து இன்னும் அரைமணி நேரம் விடுவது வழக்கம். வெறும் ஹைப்போகுளோரைட்டோடு நிறுத்தினால் நச்சுத்தன்மையுள்ள ஒரு குளோரின் சேர்மம் மிஞ்சக்கூடும், அதை அழிக்கத்தான் அசிட்டோன். நீர்த்த கரைசலில், புகைபோக்கி அறைக்குள் வைத்துச் செய்யுங்கள்.

கைப்பிடி எங்கே பொருத்துவது: வேலையின் உயிர்நாடி

நச்சைப் புரதத்தோடு இணைக்க அதில் ஒரு கைப்பிடி வேண்டும். சில நச்சுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஓக்ராடாக்சின் ஏயில் கார்பாக்சில் தொகுதி உண்டு, ஃபியுமோனிசினில் அமீன் தொகுதி உண்டு. அஃப்லாடாக்சின் பி1இல் இரண்டும் இல்லை, ஒரு கீட்டோன் இருக்கிறது. டிஆக்சிநிவலெனாலில் ஹைட்ராக்சில்கள்தான்.

எதிர்ப்பொருள், கைப்பிடிக்கு எதிர்முனையைத்தான் நன்றாகப் பார்க்கும். குடத்தின் கழுத்தைப் பிடித்து நீட்டினால் எதிரில் இருப்பவருக்குக் குடத்தின் வயிறுதானே தெரியும், அப்படி. இந்த விதியை நச்சுகளின் அமைப்போடு பொருத்திப் பாருங்கள்.

அஃப்லாடாக்சினின் ஒரு முனையில் இரட்டை ஃபியூரான் வளையம், மறுமுனையில் கீட்டோன் உள்ள ஐந்தணு வளையம். பி1க்கும் பி2க்கும் வித்தியாசம் ஃபியூரான் முனையில் ஒரு இரட்டைப் பிணைப்பு. எம்1இன் கூடுதல் ஹைட்ராக்சிலும் அந்த முனையில்தான். ஜி வகை வேறுபடுவது மறுமுனையில். கீட்டோனில் கைப்பிடி போட்டால் எதிர்ப்பொருள் ஃபியூரான் முனையைப் பார்க்கும். பி1, பி2 வேறுபாட்டை ஓரளவு உணரும், ஜி1ஐப் பி1 என்று நினைத்துப் பிடிக்க வாய்ப்பு அதிகம். ஃபியூரான் பக்கம் போட்டால் நிலைமை தலைகீழ். இது கல்லில் எழுதிய விதி இல்லை, எலி தன் இஷ்டத்துக்கும் நடக்கும். ஆனால் திட்டம் போட இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

டிஆக்சிநிவலெனால் பலரை அழவைத்த நச்சு. மூன்றாம் இடத்து ஹைட்ராக்சிலில் கைப்பிடி போட்டால் வரும் எதிர்ப்பொருள்கள், டிஆக்சிநிவலெனாலைவிட அதன் 3-அசிட்டைல் உறவினரை இன்னும் ஆசையாகப் பிடிக்கின்றன. காரணம் எளிது. எலி பார்த்த மூலக்கூறில் அந்த இடத்தில் ஒரு எஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது, அசிட்டைல் உறவினரிலும் தொங்குகிறது. உண்மையான நச்சில் அது இல்லை. என் முதல் எலி செய்ததும் இதேதான், இன்னும் மோசமான அளவில்.

அஃப்லாடாக்சின் பி1க்கு வழக்கமான வழி: கார்பாக்சிமீத்தாக்சிலமீன் என்ற சேர்மத்தோடு மெத்தனால், நீர், பிரிடின் 4:1:1 கலவையில் சூடாக்கினால் கீட்டோன் ஆக்சைமாக மாறி, நுனியில் ஒரு கார்பாக்சில் கிடைக்கும். மெல்லிய படல வண்ணப்பகுப்பில் பழைய புள்ளி மறைந்து புதிது வருகிறதா என்று பாருங்கள். நிறை நிறமாலையில் 312 இருந்த இடத்தில் 385 வர வேண்டும். வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ‘கொஞ்சம் ஆகியிருக்கும்’ என்று நினைத்து முன்னேறிய யாரும் மகிழ்ச்சியாகத் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

புரதத்தில் ஏற்றுவது

கார்பாக்சிலைக் கார்போடைஇமைடும் என்-ஹைட்ராக்சிசக்சினிமைடும் கொண்டு முடுக்கிவிட்டு, புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களோடு இணைக்க வேண்டும். மாட்டுச் சீர அல்புமினோ, கீஹோல் லிம்பெட் என்ற கடல் நத்தையின் ஹீமோசயனினோ எலிக்கு. தட்டில் பூச வேறு ஒன்று, வழக்கமாக முட்டை வெள்ளையின் ஓவல்புமின். இரண்டும் வேறாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே புரதமாக இருந்தால், புரதத்துக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள்கள் எல்லாம் தட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு பொய்யான வெற்றியைக் காட்டும். முடிந்தால் பாலத்தையும் மாற்றுங்கள். எலிக்கு ஆக்சைம் பாலம், தட்டுக்கு வேறு பாலம். நான் அன்று செய்யாமல் விட்டது அதைத்தான்.

முடுக்கிய நச்சைப் புரதக் கரைசலில் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கரைப்பான் தாங்காமல் புரதம் தயிராகிவிடும். இரவு முழுக்கக் குளிரில் விட்டு, பிறகு மூன்று நாள் பஃபர் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) மாற்றி மாற்றி டயாலிசிஸ், அதாவது சவ்வுப் பையில் வைத்துச் சின்ன மூலக்கூறுகளை வெளியேற்றுவது. ஒட்டாமல் திரியும் நச்சு மிச்சமிருந்தால் எல்லாக் கணக்கும் தப்பும்.

எத்தனை நச்சு ஏறியது என்று தெரிய வேண்டும். மூலக்கூறின் எடையை அளக்கும் மால்டி நிறைமானியில் வெறும் அல்புமின் 66,400 டால்டன் காட்டி, இணைந்தது 70,070 காட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 3,670. இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுவதால் ஒவ்வொரு நச்சும் சேர்ப்பது 367. ஆகவே ஒரு புரதத்துக்குப் பத்து. எலிக்குப் பத்திலிருந்து இருபது வரை நல்லது. தட்டுக்கு அதைவிடக் குறைவாக இருக்கட்டும். தட்டில் நச்சு நெருக்கமாக அடைந்துகிடந்தால் எதிர்ப்பொருள் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு தனி நச்சுக்காக இறங்கி வராது.

எலியும் பொறுமையும்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வரும்வரை இந்தப் படி தொடங்காது. அனுமதி வந்தால், ஆறு முதல் எட்டு வார வயதுள்ள பால்ப்-சி இனப் பெண் எலிகள். முதல் ஊசியில் சுமார் 50 முதல் 100 மைக்ரோகிராம் இணைபொருளை (நச்சு ஏறிய புரதத்தை), நோயெதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவையான ஃப்ராய்ண்ட் முழுத் துணைப்பொருளோடு சம அளவில் குழைத்துத் தோலுக்கடியில் பல இடங்களில் போடுவார்கள். பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுமையற்ற துணைப்பொருளோடு. குழைவு சரியா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பரவாமல் முத்தாக நின்றால் சரி.

மூன்றாம் ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கொஞ்சம் இரத்தம் எடுத்துச் சோதியுங்கள். ஒவ்வொரு எலியின் சீரத்தையும் இரண்டு வரிசையாக ஓட்டுங்கள், ஒன்று நச்சு சேர்க்காமல், ஒன்று சேர்த்து. மிக உயர்ந்த மஞ்சள் காட்டும் எலியை விட்டுவிட்டு, நச்சைச் சேர்த்ததும் மஞ்சள் பாதிக்குமேல் குறையும் எலியைத் தேர்ந்தெடுங்கள். அது சுமாரான மஞ்சள்தான் காட்டியிருக்கும். நம்புங்கள், அதுதான் உங்கள் எலி.

செல்களை இணைத்தலும் சலித்தலும்

1975இல் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் காட்டிய வழி இன்றும் அடிப்படை மாறாமல் நடக்கிறது. எதிர்ப்பொருள் சுரக்கும் மண்ணீரல் செல்லுக்கு ஆயுள் குறைவு. மைலோமா புற்றுச் செல்லுக்குச் சாவே இல்லை. இரண்டையும் ஒட்டினால் சாகாமல் சுரக்கும் செல், அதாவது ஹைபிரிடோமா. இருவருக்கும் 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசி ஊக்க ஊசி துணைப்பொருள் இல்லாமல். மூன்று நாள் கழித்து மண்ணீரலை எடுத்து, எஸ்பி2/0 மைலோமா செல் ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து மண்ணீரல் செல்கள் என்ற விகிதத்தில் கலந்து, பாலிஎத்திலீன் கிளைக்காலால் ஒட்ட வைப்பார்கள். பிறகு ‘ஹாட்’ ஊடகம். அதிலுள்ள அமினோப்டெரின், செல் நியூக்ளியோடைடுகளைப் புதிதாகச் செய்யும் வழியை அடைத்துவிடும். மாற்று வழிக்குத் தேவையான நொதி மைலோமாவில் இல்லை, அதனால் அது சாகும். ஒட்டாத மண்ணீரல் செல்கள் தாமாகவே போய்விடும். இரண்டு குணமும் சேர்ந்தவை மட்டும் பிழைக்கும்.

பத்து நாள் வாக்கில் குழிகளில் கூட்டங்கள் தெரியும். இப்போது சலிக்க வேண்டும், அதுவும் வேகமாக. முந்நூறு, நானூறு குழிகள் இருந்தாலும் ஒவ்வொன்றின் மேல்நீரையும் இரண்டு குழிகளில் விடுங்கள், ஒன்றில் வெறும் பஃபர், இன்னொன்றில் மி.லி.க்கு 10 நானோகிராம் தனி நச்சு. பஃபரில் நிறம் வந்து, நச்சில் நிறம் விழும் குழிகள் மட்டுமே உங்களுக்கு வேண்டியவை. மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக வளர்ந்தாலும் குப்பைக்கு. மனசு வராது, தெரியும். அடுத்த சுற்றில் நச்சின் அளவை 1 நானோகிராமுக்கும், பிறகு 0.1க்கும் இறக்குங்கள். ஆரம்பத்தில் இருபது குழி இருந்தால் கடைசியில் இரண்டு மிஞ்சும்.

தேர்ந்த குழியை நீர்த்து, குழிக்கு ஒரு செல் என்ற அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி வளர்க்க வேண்டும். இதைக் குறைந்தது இரண்டு, மூன்று முறை. ஒவ்வொரு கட்டத்திலும் சில குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் போடுங்கள். சுரக்காத செல்கள் சுரக்கும் செல்களைவிட வேகமாகப் பெருகும். ஒரு வார விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சுரப்பு நின்றிருப்பது இந்தத் துறையில் பலருக்கும் நடந்த கதை.

விலங்கிலிருந்து மரபணுவுக்கு

ஹைபிரிடோமா கிடைத்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி ஏறுங்கள் என்பேன். செல்லிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, எதிர்ப்பொருளின் கனச் சங்கிலி, இலேசுச் சங்கிலி இரண்டின் மாறும் பகுதிகளையும் பெருக்கி, வரிசையைப் படித்துவிடுங்கள். இரண்டையும் கிளைசினும் செரினும் நிறைந்த ஒரு சிறு இணைப்பால் கோத்தால் 27,000 டால்டன் வாக்கில் ஒரு குட்டி எதிர்ப்பொருள் துண்டு கிடைக்கும். ஈ. கோலை பாக்டீரியாவே அதைச் செய்து தரும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எஸ்பி2/0 போன்ற மைலோமாக்கள் பயனில்லாத ஒரு பழைய இலேசுச் சங்கிலியின் ஆர்என்ஏவைச் சுமந்துகொண்டிருக்கும். பெருக்கும்போது அதுவே முந்திக்கொண்டு வரும். வரிசையைப் படித்தால் நடுவில் நிறுத்தக் குறியீடு தெரியும். அதைக் கண்டால் உங்களுடையது அல்ல என்று ஒதுக்கிவிட்டு இன்னும் சில குளோன்களைப் படியுங்கள்.

ஒரே எதிர்ப்பொருளில் திருப்தி இல்லை, ஒரு நூலகத்திலிருந்தே தேட வேண்டும் என்றால் பேஜ் வழி. ஜார்ஜ் ஸ்மித் 1985இல் தொடங்கி வைத்து, கிரெகரி வின்டர் எதிர்ப்பொருள்களுக்குக் கொண்டுவந்த முறை. 2018 வேதியியல் நோபலில் இருவரும் பங்கு பெற்றார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 வைரசின் நுனியில் ஒரு எதிர்ப்பொருள் துண்டு தொங்கும், உள்ளே அதற்கான மரபணு இருக்கும். கோடிக்கணக்கில் இப்படிப்பட்ட வைரஸ்களை நச்சு பூசிய தட்டில் விட்டு, ஒட்டாதவற்றைக் கழுவி, ஒட்டியவற்றை எடுத்துப் பெருக்கி மறுபடி விடுவார்கள். மூன்று, நான்கு சுற்று.

ஒட்டியவற்றை எடுக்க அமிலத்தை ஊற்றுவதுதான் பாடப்புத்தக வழி. நச்சுகளுக்கு அதைச் செய்யாதீர்கள். தனி நச்சின் கரைசலை ஊற்றுங்கள். அதைக் கண்டு இறங்கி வருபவை மட்டும் வந்தால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் தட்டில் பூசும் அளவையும், ஊற்றும் நச்சின் செறிவையும் குறையுங்கள். சுமக்கும் புரதத்தையும் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள், புரதத்தைப் பிடிப்பவை தாமாக உதிரும்.

ஒட்டக இனங்களின் கதை தனி. அவற்றின் உடலில் இலேசுச் சங்கிலியே இல்லாத எதிர்ப்பொருள்களும் உண்டு என்று 1993இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதன் நுனித் துண்டு மட்டும் 15,000 டால்டன். நானோபாடி என்று அழைக்கிறார்கள். சூட்டையும் கரைப்பானையும் வழக்கமான எதிர்ப்பொருளைவிட நன்றாகத் தாங்குபவை பல, மெத்தனாலில் உணவைக் கரைக்கும் நமக்கு இது பெரிய வசதி. ஆனால் நச்சு போன்ற குட்டி மூலக்கூறு பொதுவாக இரண்டு சங்கிலிகளுக்கு நடுவிலுள்ள குழிக்குள் பதுங்கும். ஒற்றைச் சங்கிலியில் அந்தக் குழி இல்லாததால் நல்ல நானோபாடி கிடைப்பது சற்றுக் கடினம். முதல் முயற்சிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தட்டைப் பதமாக்குதல்

கையில் எதிர்ப்பொருள் இருக்கிறது. இனி தட்டு. ஒரு திசையில் பூச்சின் அளவையும், மறுதிசையில் எதிர்ப்பொருளின் அளவையும் படிப்படியாகக் குறைத்துச் சதுரங்கப் பலகைபோல ஒரு தட்டு ஓட்டுங்கள். நச்சே இல்லாத குழியில் 450 நானோமீட்டரில் உறிஞ்சல் 1 முதல் 1.5 வரை வரும் சேர்க்கைகள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றில் நச்சு வளைவை வரையுங்கள். இரண்டு அளவும் குறையக் குறைய, கொஞ்சம் நச்சுக்கே நிறம் விழும். நிறம் கண்ணைக் கவர வேண்டும் என்று எதிர்ப்பொருளை அள்ளிப் போடுவது புதியவர்களின் பொதுவான பிழை.

வளைவு எஸ் வடிவில் வரும், நான்கு அளவுருச் சமன்பாட்டில் பொருத்துங்கள். நிறம் சரிபாதியாகும் செறிவுக்கு ஐசி50 என்று பெயர். நிறம் 20 சதவீதம் குறையும் இடத்துக்கும் 80 சதவீதம் குறையும் இடத்துக்கும் நடுவில்தான் நம்பி அளக்கலாம். நாம் முன்னே போட்ட 0.04 நானோகிராம் அந்த இடைவெளியில் விழுகிறதா? விழுந்தால் நிம்மதி.

பிறகு உறவினர்களைச் சோதியுங்கள். உங்கள் நச்சின் ஐசி50ஐ உறவினரின் ஐசி50ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் குறுக்கு வினையின் சதவீதம். பி1க்கு 0.05, ஜி1க்கு 0.5 என்றால் குறுக்கு வினை 10 சதவீதம்.

பூச்சு படாமல் தட்டில் மிஞ்சிய இடத்தை மூட மாட்டு அல்புமின் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எலிக்குப் போட்ட இணைபொருளிலும் அதுதான் இருந்ததா என்று ஒருமுறை யோசியுங்கள்.

உணவு என்ற குழப்பம்

பஃபரில் பொன்னாக மின்னும் எதிர்ப்பொருள், உணவுக் கரைசலில் கரியாகிவிடுவது உண்டு. கொழுப்பு, நிறமிகள், டானின்கள், அமிலத்தன்மை எல்லாம் நிறத்தைக் குறைக்கும். போட்டி முறையில் நிறம் குறைந்தால் ‘நச்சு இருக்கிறது’ என்றுதானே பொருள், நச்சே இல்லாத மாதிரிகூட மாட்டிக்கொள்ளும். எளிய மருந்து நீர்ப்பதுதான், அதற்காகத்தான் அவ்வளவு கூர்மையான எதிர்ப்பொருளைத் தேடினோம். நீர்த்தும் தீராவிட்டால், நச்சில்லாத அதே உணவின் கரைசலிலேயே அளவு வளைவை வரையுங்கள். நச்சு உண்மையிலேயே இல்லாத மாவைக் கண்டுபிடிப்பது தனி வேட்டை.

தெரிந்த அளவு நச்சைச் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 70 முதல் 110 சதவீதம் என்றால் ஏற்கலாம். ஆனால் நீங்கள் ஊற்றிய நச்சு மாவின் மேல்தான் இருக்கும், பூஞ்சை வைத்த நச்சு உள்ளே புதைந்திருக்கும். அதனால் இயற்கையாகக் கெட்ட மாதிரிகளையும் திரவ வண்ணப்பகுப்பு–நிறைமானியில் ஓட்டி ஒப்பிடாமல் யாரிடமும் முடிவைச் சொல்லாதீர்கள்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் பிழை, மேலே சொன்ன எல்லாப் பிழைகளையும் விழுங்கிவிடும். ஒரு மூட்டையில் சில மணிகளில் மட்டும் நச்சு குவிந்திருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளினால் ஒன்று அந்த மணி வரும் அல்லது வராது. பல இடங்களிலிருந்து சிறுகச் சிறுக எடுத்து, சேர்த்து, மொத்தத்தையும் நைசாக அரைத்த பிறகே 5 கிராமைத் தொடுங்கள்.

வயலில், கிடங்கில் பயன்படுத்தத் தங்கத்துகள் பட்டைகள் (கரைசலில் நனைத்தால் கோடு காட்டும் சோதனைப் பட்டைகள்) செய்யலாம். தத்துவம் அதேதான். சோதனைக்கோட்டில் நச்சு–புரத இணைபொருள், கட்டுப்பாட்டுக்கோட்டில் எலி எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இன்னொரு எதிர்ப்பொருள். இரண்டு கோடு வந்தால் நச்சு வரம்புக்குள், சோதனைக்கோடு மறைந்தால் நச்சு. பட்டையைக் கையில் கொடுக்கும்போது இதை மூன்று முறை சொல்லுங்கள். கோடு வந்தால் ‘இருக்கிறது’ என்று நினைப்பதே எல்லோருக்கும் பழக்கம்.

கடைசியாக, பெட்டியில் போடும் முன்

தூய்மைப்படுத்திய எதிர்ப்பொருளைச் சிறுசிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள், ஒரே குப்பியை உருக்கி உருக்கி உறையவைத்தால் கெடும். ஒவ்வொரு புதுத் தொகுதிக்கும் பழைய தொகுதியோடு ஒரே தட்டில் ஐசி50ஐ ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். செல் குப்பிகளை இரண்டு வெவ்வேறு நைட்ரஜன் கலன்களில் வையுங்கள், இரண்டும் ஒரே அறையில் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. உறையவைத்த ஒரு மாதத்துக்குள் ஒரு குப்பியை உருக்கி, செல்கள் வளர்கின்றனவா, சுரக்கின்றனவா, மைக்கோபிளாஸ்மா என்ற குட்டி பாக்டீரியாவின் தொற்று இல்லையா என்று பாருங்கள். மரபணு வரிசையைக் கணினியில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். கலன் காலியாகிப்போனாலும் அந்த எழுத்துகளிலிருந்து எதிர்ப்பொருளை மறுபடி உண்டாக்கலாம், இன்னொரு எலி தேவைப்படாது.